எவர்சில்வர் ஏன் தன்னையே கடிக்கிறது?

சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ விசைப்படகு பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரைக் கண்டால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணாச்சி, துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது கடினமா, துருவே பிடிக்காத எவர்சில்வர் நட்டைக் கழற்றுவது கடினமா?"

துருப்பிடித்த நட்டுக்கு வழிகள் பல உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடலாம், சூடு காட்டலாம், சுத்தியலால் நாலு தட்டுத் தட்டலாம். எவர்சில்வர் நட்டின் கதை வேறு. புத்தம் புதிதாக, பளபளவென்று இருக்கும். ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் பாதிவரை வழுவழுவென்று ஏறும். திடீரென்று இறுகும். சற்று அழுத்தி முறுக்கினால் அவ்வளவுதான். மேலும் ஏறாது, கீழும் இறங்காது. போல்ட்டின் கழுத்து முறியும், அல்லது ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுக்கவேண்டும். "நட்டு கடிச்சுப்போச்சு" என்பார்கள். கரையில் நடந்தால் ஒரு போல்ட்டின் விலையோடு போயிற்று. கரையிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில், எஞ்சினைப் பிரித்துக் குளிர்நீர்ப் பம்பைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில் நடந்தால், படகு காற்றின் போக்கில் மிதக்க வேண்டியதுதான்.

துரு என்பது இரும்பின் நோய் என்று படித்திருக்கிறோம். நோய் வராத உலோகம் ஏன் இப்படிச் சிக்கிக்கொள்கிறது? இதன் விடையைத் தேடினால் கதை துப்பாக்கியில் போய்த் தொடங்குகிறது.

துப்பாக்கிக் குழலும் மேசைக் கத்தியும்

1912ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாரிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. துப்பாக்கிக் குழலின் உட்புறம், சுடச்சுட, வெப்ப வளிமங்களால் அரிக்கப்பட்டு அகன்றுவிடுகிறது; இதைத் தாங்கும் எஃகு வேண்டும். பிரியர்லி எஃகுடன் குரோமியத்தைப் பல அளவுகளில் கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்டில் சுமார் 12.8 சதவீதக் குரோமியமும் 0.24 சதவீதக் கரியும் உள்ள எஃகு உருக்கப்பட்டது. அதன் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்க முயன்றபோது, அமிலம் அதனிடம் தோற்றது. துப்பாக்கிக்காகத் தேடிய எஃகு முதலில் போய்ச் சேர்ந்த இடம் சாப்பாட்டு மேசைக் கத்தி. நம் வீட்டுக்கு அது வந்தபோது எவர்சில்வர் என்று பெயர் பெற்றது.

துப்பாக்கிக்கு அது திரும்பி வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1965இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகாலான ரிவால்வரை வழக்கமான உற்பத்தியாக விற்கத் தொடங்கியது. வியர்வையும் மழையும் படும் கருவிக்கு இதைவிட ஏற்ற உலோகம் ஏது என்று தோன்றும். ரிவால்வரில் பெரிய தொல்லை எழவில்லை. 1970களில் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளையும் இந்த எஃகில் செய்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இவ்வகைத் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும் மேல்பகுதி, கீழ்ச்சட்டத்தின் தடங்கள்மேல் வேகமாகப் பின்னோக்கிச் சறுக்கி, சுருள்வில்லின் விசையால் முன்னோக்கித் திரும்பவேண்டும். மேல்பகுதியும் எவர்சில்வர், தடமும் எவர்சில்வர். படகு மெக்கானிக்கின் நட்டுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது: தடங்களில் கீறல் விழுந்தது, திட்டுத்திட்டாக உலோகம் பெயர்ந்தது, சில வேளைகளில் பாதி வழியில் நின்றது. இதனைப் பொறியாளர்கள் ஒட்டுத் தேய்மானம் என்பர்.

இரண்டு பலாப்பழங்கள்

கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றும் எந்த உலோகப் பரப்பும் உண்மையில் மேடுபள்ளமானதே. இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்தால் முள்நுனிகள் மட்டும்தானே தொடும்? உலோகங்களும் அப்படியே. எவ்வளவு பரப்பு உண்மையில் தொடுகிறது என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

20 கிலோகிராம் எஃகுக் கட்டி ஒன்று எவர்சில்வர் தகட்டின்மேல் இருக்கிறது. அதன் அடிப்பக்கம் 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். எடை ஏறத்தாழ 200 நியூட்டன். தொடும் முனைகள் சுமை தாங்காமல் நசுங்கும். நசுங்க நசுங்கத் தொடும் பரப்பு கூடும். உலோகத்தின் கடினம் சுமையைத் தாங்கும் அளவு வந்ததும் நிற்கும். சாதாரண எவர்சில்வரின் கடினத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு 2,000 நியூட்டன் என்று கொள்ளலாம். ஆகவே உண்மையில் தொடும் பரப்பு 200ஐ 2,000ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.1 சதுர மில்லிமீட்டர். அடிப்பக்கத்தின் பரப்போ 10,000 சதுர மில்லிமீட்டர். இலட்சத்தில் ஒரு பங்குதான் தொடுகிறது! எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் எடையில் பாதி, ஒரு குண்டூசி முனையை ஒத்த இடத்தில் நிற்கிறது.

உராய்வு விசை பரப்பைப் பொறுத்ததன்று, எடையையே பொறுத்தது என்று 1699இல் பிரெஞ்சு நாட்டு அமோந்தோன் கூறிய விதியை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? கட்டியை நிமிர்த்தி வைத்தாலும் படுக்க வைத்தாலும், நசுங்கித் தொடும் பரப்பு அதே 0.1தான். இந்த விளக்கத்தை நிலைநாட்டியவர்கள் பௌடன், டேபர் என்ற இருவர். 1950இல் வெளிவந்த அவர்களது நூல் இத்துறையினர்க்கு இன்றும் அடிப்படை.

அப்பளமும் மாவும்

இனி எவர்சில்வரின் தனிக் குணத்துக்கு வருவோம். எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. அதன் தடிமன் 2 நானோமீட்டர் அளவே; இப்படி 35,000 படலங்களை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். கீறினாலும் காற்றுப் பட்டதும் மீண்டும் உருவாகிவிடும். எவர்சில்வர் துருப்பிடிக்காததன் இரகசியம் இதுவே.

இதே படலம்தான் உராயும்போது நம்மைக் கைவிடுகிறது. படலம் கடினமானது, நொறுங்கக்கூடியது. அதன் அடியிலுள்ள எஃகோ மென்மையானது, இழுத்தால் நீளக்கூடியது. பிசைந்த மாவின்மேல் ஓர் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்துங்கள். மாவு குழியும், அப்பளம் நொறுங்கும். நட்டின் மரையும் போல்ட்டின் மரையும் அழுந்தும்போது முனைகளில் இதுதான் நடக்கிறது. வெளியில் என்றால் படலம் உடனே வளர்ந்துவிடும். இறுகிய மரைக்குள் காற்று எங்கே புகுவது? இருபுறமும் உடை களைந்த இரும்பு அணுக்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. இந்த அணு நட்டைச் சேர்ந்தது, அந்த அணு போல்ட்டைச் சேர்ந்தது என்ற வேறுபாடு அணுக்களுக்குத் தெரியாது. ஒரே உலோகத்தினுள் இருப்பதுபோல் பிணைந்துவிடுகின்றன. நெருப்பில்லாமலே ஒரு வெல்டிங்!

முறுக்குவதை நிறுத்தாவிட்டால் பிணைப்பு அறுபடவேண்டும். அது இணைந்த இடத்தில் அறுவதில்லை. பக்கத்திலுள்ள மென்மையான பகுதி பிய்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. எவர்சில்வருக்கு இன்னொரு குணம்: வளைக்க வளைக்க, நசுக்க நசுக்கக் கடினமாகும். ஆகவே பிய்ந்த துணுக்கு தன் தாய் உலோகத்தைவிடக் கடினமாகி, ஏர்க்கொழுபோல் அதனை உழுகிறது. உழ உழத் துணுக்கு பெரிதாகிறது. போதாக்குறைக்கு வெப்பமும் வெளியேறுவதில்லை. சாதாரண எஃகின் வெப்பங்கடத்தும் திறன் 50 என்றால், எவர்சில்வருக்கு அதே அலகில் 16 மட்டுமே. சூடு மரைக்குள்ளேயே தங்கி உலோகத்தை மேலும் இளக்குகிறது.

அடுக்கி வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்வதும் இதனால்தானோ என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் அது வேறு சங்கதி. டம்ளர் கீழே குறுகி மேலே விரிந்திருப்பதால் ஆப்புப்போல் இறுகுகிறது, அவ்வளவுதான். உள்டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிடம்ளரை வெந்நீரில் வைத்தால் கழன்றுவிடும். கடித்த நட்டு இதற்கெல்லாம் மசியாது.

ஜோடியை மாற்று

துப்பாக்கி செய்தவர்கள் கண்ட முதல் தீர்வு எண்ணெய் அன்று, ஜோடி மாற்றம். மேல்பகுதிக்கு ஒருவகைத் துருப்பிடிக்காத எஃகு, சட்டத்துக்கு வேறுவகை. ஒன்றைவிட மற்றொன்றைக் கடினமாகப் பதப்படுத்துவது. எவ்வளவு அழுத்தம் வரை கடிக்காமல் தாங்கும் என்பதை அளக்க ஒரு சோதனை உண்டு. ஒரு சிறு உருளையைத் தகட்டின்மேல் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். 304 எனப்படும் சாதாரண எவர்சில்வர் தன் இனத்தோடு உராயும்போது சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 14 நியூட்டனிலேயே கடிக்கத் தொடங்கும். சிலிக்கனும் மாங்கனீசும் கூடுதலாகச் சேர்த்த நைட்ரானிக் 60 என்ற எஃகோடு அதே 304ஐ உராயவிட்டால் 340 நியூட்டனிலும் கடிப்பதில்லை. இருபது மடங்குக்கும் மேலான வேறுபாடு!

இதைவிடப் பழைய ஜோடி ஒன்று நம் பட்டறைகளிலேயே இருக்கிறது. தண்டு எஃகாக இருந்தால் அது சுழலும் புஷ் கன்மெட்டலாக இருக்கும். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற விகிதத்தில் அமைந்த வெண்கலம் அது. பெயரைப் பாருங்கள்: துப்பாக்கி உலோகம்! ஒரு காலத்தில் பீரங்கி வார்க்கப் பயன்பட்டதால் அப்பெயர். நம் மாவட்டத்துக்கும் பீரங்கிக்கும் பழைய உறவு உண்டு. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியாற்றி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைத்தார். 1777இல் இறந்த அவரது கல்லறையும் அக்கோட்டைக்குள்தான் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் பூங்காவைப் பார்ப்பதோடு நில்லாமல் இதையும் பார்த்துவருவது நல்லது.

எண்ணெய் என்ன செய்கிறது?

எல்லா இடத்திலும் ஜோடியை மாற்ற முடியாது. எவர்சில்வர் போல்ட்டுக்குக் கடலில் எவர்சில்வர் நட்டுத்தான் பொருந்தும். அப்போது நடுவில் ஒருவரை நிறுத்தவேண்டும். அவரே மசகு. இந்தச் சொல் நம் மாட்டுவண்டியிலிருந்து வந்தது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவிய கறுப்பு மைதான் மசகு.

எண்ணெய் இருவகையில் வேலை செய்கிறது. முதல்வகையை 1883இல் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேயர் தற்செயலாகக் கண்டார். இரயில் அச்சின் தாங்கியை ஆராய்ந்தபோது, எண்ணெய் விடுவதற்காக அதன் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் துளைவழியே உள்ளே போகாமல் வெளியே பொங்கியது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தினால், சுமையைப் பரப்பால் வகுத்த சராசரியைவிட இருமடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக் குறுகிய இடுக்கில் செலுத்துவதால், எண்ணெயே அழுத்தம் பெற்று அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இதன் கணிதத்தை 1886இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் வகுத்தார்.

ஆனால் இதற்கு வேகம் வேண்டும். மெல்லத் திருகும் நட்டிலும், ஒரு முனையில் நின்று திரும்பும் துப்பாக்கித் தடத்திலும் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். அங்கே இரண்டாம் வகை தேவை: பரப்பில் ஒட்டிக்கொள்ளும் ஓரிரு மூலக்கூறு அடுக்கு. தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமில மூலக்கூறுக்கு உலோகத்தைப் பற்றும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. நாஞ்சில் நாட்டு வயலில் நெற்பயிர் நெருங்கி நிற்பதுபோல், தலை கீழாகவும் வால் மேலாகவும் அவை நிற்கும். விளக்கெண்ணெய் இதில் சிறந்தது. முதல் உலகப்போரின் விமான எஞ்சின்களுக்கும் அதுவே ஊற்றப்பட்டது.

தேங்காயெண்ணெய் ஆகுமா என்று நம் ஊரில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கதவுக் கீலுக்கு ஆகும். ஆனால் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எஞ்சின் எண்ணெய்களில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும். அவை சூடான இரும்புப் பரப்போடு வினைபுரிந்து காப்புப் படலம் அமைக்கும். எவர்சில்வரோ எதனோடும் எளிதில் வினைபுரியாத உலோகம். அதனால்தானே அதை வாங்கினோம்! ஆகவே இச்சேர்மங்கள் அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சாதாரண எஃகுத் துப்பாக்கிக்குப் பாஸ்பேட் பூச்சுக் கொடுப்பார்கள். அதன் நுண்துளைகள் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். எவர்சில்வரில் அந்தப் பூச்சும் எளிதில் ஏறாது. எனவே பிதுங்கி ஓடாத கிரீஸும், திண்ம மசகும் தேவைப்படுகின்றன.

திண்ம மசகுகளில் நாம் அறிந்தது கிராஃபைட்டு. சிவகங்கை மாவட்டத்தில் வெட்டியெடுக்கப்படுகிறது. மற்றொன்று மாலிப்டினம் டைசல்பைடு. இரண்டும் சீட்டுக்கட்டுப்போல் அடுக்கடுக்கானவை; அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். குணத்தில் இரண்டும் எதிரெதிர். கிராஃபைட்டுக்கு ஈரப்பதம் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் வறண்ட உயர்வானில் பறந்த விமானங்களின் மின்னாக்கிக் கரித்துண்டுகள் மளமளவென்று தேய்ந்து தீர்ந்தன. மாலிப்டினம் டைசல்பைடு வெற்றிடத்தில் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே விண்கலங்களுக்கு ஏற்றது. அது உதிர்ந்துபோனால் என்ன ஆகும்? 1989இல் வியாழன் கோளுக்கு ஏவப்பட்ட கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா 1991 ஏப்ரலில் குடைபோல் விரியவேண்டும். சில கம்பிகள் சிக்கிக்கொண்டு பாதி விரிந்ததோடு நின்றுவிட்டது. ஏவுமுன் கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே லாரியில் கொண்டுபோய்க் கொண்டுவந்த அதிர்வில் முளைகளின் திண்ம மசகு தேய்ந்துபோனதே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். பல கோடிக் கிலோமீட்டர் அப்பால் ஸ்பானர் கொண்டுபோக யாரால் முடியும்? மிக மெதுவாகச் செய்தி அனுப்பும் சிறு ஆன்டெனாவை வைத்தே அந்தக் கலம் தன் பணியைச் செய்தது.

கடற்கரைக்கு எது?

நம் கடற்கரையில் கிராஃபைட்டு வேண்டாம் என்பேன். உப்புநீரில் கிராஃபைட்டும் எஃகும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம், அரிக்கப்படுவது எஃகுதான். கிரீஸ் என்பது சோப்பு நாரில் ஊறிய எண்ணெய். கடற்பஞ்சில் நீர் இருப்பதுபோல் எண்ணெய் அதற்குள் இருக்கும். சோடியம் சோப்பால் ஆன கிரீஸ் நீரில் கரையும். கால்சியம் சோப்பு கரையாது. லித்தியமும் ஓரளவு தாங்கும். பிடித்துக்கொள்ளாமல் தடுக்கவென்றே நிக்கல் தூளோ மாலிப்டினம் டைசல்பைடோ கலந்த பசைகளும் கடைகளில் உண்டு.

இன்னொரு எதிரி மணல். மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணலோடு செம்மணலாகக் கலந்திருப்பது கார்னெட்டு, எவர்சில்வரைவிடக் கடினமானது. உப்புத்தாள்போல் உலோகத்தைத் தேய்ப்பதற்காகவே அதனைப் பல நாடுகளில் வாங்குகிறார்கள். திறந்த இடத்தில் கிரீஸை அப்பி வைத்தால் காற்றில் வரும் மணல் அதில் ஒட்டி, மசகே அரைக்கும் பசையாகிவிடும். துப்பாக்கி வைத்திருக்கும் காவலர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. கிரீஸைக் குறைவாக, மெல்லிய படலமாகப் போடுவதும், அடிக்கடி துடைத்துப் புதிதாக இடுவதும்தான் வழி.

மசகிட்ட நட்டைப் பழைய பலத்தோடு முறுக்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். முறுக்குத்திறன் = குணகம் × விட்டம் × இழுவிசை. 12 மி.மீ. போல்ட்டை 40 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறோம். குணகம் 0.2 என்றால் போல்ட்டில் எழும் இழுவிசை சுமார் 16,700 நியூட்டன். மசகினால் குணகம் 0.14 ஆகக் குறைந்தால் அதே முறுக்கில் 23,800 நியூட்டன்! மசகிட்டவர் மெதுவாகவும் குறைவாகவும் முறுக்கவேண்டும். வேகம் சூட்டைத் தரும். சூடு கடிக்க வைக்கும்.

நீங்களே அளக்கலாம்

ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை, அதாவது நடுப்பகுதி சமமாக உள்ளதை, சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள். அதன்மேல் அடிமட்டமான ஓர் எவர்சில்வர் டப்பாவை அரிசி நிரப்பி வையுங்கள். தட்டின் ஒரு விளிம்பை மெல்ல உயர்த்துங்கள். டப்பா நழுவத் தொடங்கும் நிலையில் உயர்ந்த விளிம்பின் உயரத்தை, அதற்கும் தாழ்ந்த விளிம்புக்கும் உள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். உலர்ந்த எஃகுக்கு 0.5 முதல் 0.8 வரையும், எண்ணெய் பூசியதற்கு 0.1 முதல் 0.2 வரையும் பாடநூல்களில் காணலாம். பிறகு விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பூசித் துடைத்து, மெல்லிய படலம் மட்டும் இருக்கும்படி செய்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். எண்ணெய் கூடிவிட்டால் அதன் பிசுபிசுப்பே டப்பாவைப் பிடித்துவைத்துக் கணக்கைக் கெடுக்கும். அரிசியை எடுத்துவிட்டு வெறும் டப்பாவோடும் ஒருமுறை செய்து பாருங்கள். அமோந்தோன் சொன்னபடி குணகம் மாறக்கூடாது. எண்ணெய்ப் படலத்தில் மாறினால், ஏன் என்று எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.